எலி திரும்பிப் பார்த்தது

சிங்கப்பூருக்குப் போகிறேன் என்றதும் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். நர்ஸ்கள் கோடாலித் தைலம் கேட்டார்கள். மருந்துக் கடைக்காரர் சாக்லேட் கேட்டார். வீட்டில் என் அண்ணி, "பெரிய பாட்டிலா ஒரு செண்ட்டு" என்றாள். மாரீஸ்வரி மட்டும்தான் மருந்து கேட்டாள். "வரும்போது அந்த முதுகு ஊசியைக் கையோட கொண்டாந்துருங்க டாக்டரம்மா."

நான் மயக்க மருந்து டாக்டர். சிவகாசிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை. ஆபரேஷன் நன்றாக முடிந்தால் சர்ஜனுக்கு மாலை விழும். நோயாளி கண் விழிக்கத் தாமதமானால் சொந்தக்காரர்கள் என்னைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட உத்தியோகம். எங்கள் ஊரில் பட்டாசு ஆலைகள் இருக்கின்றன என்பதால் தீக்காய வார்டில்தான் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது.

மாரீஸ்வரிக்கு இருபத்தாறு வயது. ஆலையில் நடந்த வெடிவிபத்தில் அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. தோல் வைத்துத் தைத்தோம், புண் ஆறிவிட்டது. வலி ஆறவில்லை. சில பேருக்கு இப்படி ஆகும். காயம் ஆறின பிறகும் தண்டுவடத்துக்குள் இருக்கும் நரம்புகள் பதற்றத்திலேயே இருக்கும். காலில் பாவாடை உரசினால்கூட நெருப்பு பட்டதாக மூளைக்குச் சொல்லும். அவளுக்கு மின்விசிறிக் காற்று ஆகாது. காலில் ஈ உட்கார்ந்தால் அலறுவாள். போர்வை படாமலிருக்க, கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடைக்குள் காலை விட்டுக்கொண்டு தூங்குகிறாள். நாலு வயது மகள் தீபிகா அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அறைக்குள் யார் வந்தாலும், வந்தவரைப் பார்க்கமாட்டாள். சட்டென்று தலையைத் திருப்பித் தன் காலைப் பார்ப்பாள். கண்களை இடுக்கிக்கொண்டு, ஏதோ அடுத்த வீட்டுப் பிள்ளை ரோட்டில் இறங்குவதைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். நானும் அதைப் பல நாள் பார்த்திருக்கிறேன், பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், தீக்காயம்பட்ட எலிகளுக்குத் தண்டுவட நீரில் ஒரு மருந்தைச் செலுத்தி, இந்த மாதிரி வலியை அடக்கியிருந்தார்கள். அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க எங்கள் மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு. முதல் ஆள் மாரீஸ்வரி. ஊசி அவள் முதுகில் இறங்கும்போது பிடித்திருக்கப் போவது என் கை. அதனால் முதலில் எலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். எங்கள் தலைமை மருத்துவர் சிரித்தார். "எலியைப் பார்க்க சிங்கப்பூரா? நம்ம ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்க, போதும்."

சனிக்கிழமை தேக்காவில் வந்து இறங்கினேன். லிட்டில் இந்தியாவை இங்குள்ள தமிழர்கள் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். அறை, கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கும் அளவில் இருந்தது. கீழே பூக்கடை, பக்கத்தில் நகைக்கடை, எதிரே, நம் ஊரில் கிடைக்கும் எல்லாவற்றையும் ஊரைவிடப் பெரிய பாக்கெட்டில் விற்கும் மளிகைக்கடை. காபி என்று கேட்டேன். அடியில் கெட்டிப்பால் உறைந்த கறுப்பான ஒரு திரவம் வந்தது. "கலக்கிக் குடிங்க ஆன்ட்டி, அதுதான் கோப்பி" என்றாள் கடைக்காரப் பெண். கலக்கினேன். மூன்று நாள் தூக்கம் போய்விடும் போலிருந்தது.

மார்க்கெட்டில் மதியச் சாப்பாடு. மீன், இறைச்சி, பிரியாணி, சீனச் சூப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஓர் ஈ இல்லை. நான் தட்டை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மற்றவர்கள் இந்த ஊரின் உயரமான கட்டடங்களைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு ஈ இல்லாததுதான் பெரிய அதிசயமாக இருந்தது. மாரீஸ்வரி இங்கே இருந்தால் காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கணவன் கருப்பசாமியைப் பார்த்தேன். அவன் இங்கே கட்டட வேலையில் இருக்கிறான். சுவா சூ காங் என்கிற பகுதியைத் தாண்டித் தொழிலாளர் விடுதியில் தங்கல். ஞாயிறு ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் தேக்காவுக்கு வந்துவிடுகிறார்கள். நடைபாதை, புல்தரை, படிக்கட்டு, எங்கும் ஆண்கள். ஊருக்குப் போனில் பேசுகிறவர்கள், முடிவெட்டிக்கொண்டு வந்து ஒருவர் தலையை ஒருவர் பார்க்கிறவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள். ஒரு திருவிழாக் கூட்டத்திலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் எடுத்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது.

மாரீஸ்வரி கொடுத்தனுப்பிய சாத்தூர்க் காராச்சேவை அவனிடம் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலேயே மோந்து பார்த்தான். பிறகு தன் பையிலிருந்து ஒரு பெரிய மூட்டையை எடுத்தான். புலிப் படம் போட்ட போர்வை. விரலை வைத்தால் புதைகிற அளவுக்குப் பஞ்சு மாதிரி முடி.

"தொட்டுப் பாருங்க டாக்டரம்மா. கடையில இருக்கிறதுலயே மெத்துன்னு இருக்கிறதா பாத்து எடுத்தேன். அவ கால்ல பட்டாக்கூடத் தெரியாது."

இந்த வலி உள்ளவர்கள் அழுத்திப் பிடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். மெல்ல வருடுவதுதான் ஆகாது. மயிலிறகுதான் அவர்களுக்கு அரிவாள். கடையிலேயே மிக மோசமான பொருளை அவன் தேடிப் பிடித்து வாங்கியிருந்தான். நான் சொல்லவில்லை. "நல்லாருக்குப்பா" என்றேன்.

"ஊசி போட்டா சரியாயிருமா? புள்ளைய மடியில வச்சுக்கிருவாளா?"

"பார்க்கலாம் தம்பி" என்றேன். எங்கள் தொழிலில் அதிகம் செலவாகும் வார்த்தை அது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினேன். சுவா சூ காங் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் பஸ்ஸைத் தேடாமல் எதிரே நின்ற குட்டி ரயிலில் ஏறிவிட்டேன். அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல்களை உரசுவதுபோல அது வளைந்து வளைந்து போனது. துணி காயப்போட்ட மூங்கில் கழிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கிப் பார்த்தால் ஏறின இடம். சரி, தவறான பக்கம் ஏறிவிட்டோம் என்று அடுத்ததில் ஏறினேன். பக்கத்தில் இருந்த வயதான தமிழர், பேச்சின் முடிவில் 'லா' சேர்க்கும் இந்த ஊர்க்காரர், என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க இப்பதானே இறங்கினீங்க? இது வட்டம் போட்டு இங்கயேதான் வரும் லா. எங்க போகணும்?"

சொன்னேன். "அதுக்கு பஸ்ஸுல்ல எடுக்கணும்" என்று கதவு மூடுமுன் என்னை இறக்கிவிட்டார். எங்கள் ஊராக இருந்தால் கண்டக்டர் திட்டியிருப்பார், நானும் திட்டியிருப்பேன், பாதி பஸ் பஞ்சாயத்துக்கு வந்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் எனக்காகக் காத்திருந்தவள் ஷமீமா. முப்பதைத் தாண்டிய பெண். ஈசூன் பகுதியில் அம்மாவோடு இருக்கிறாள். அவள் குடும்பம் நாகூர்ப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. எலிகளுக்குச் சூடு வைப்பதும், ஊசி போடுவதும், சோதிப்பதும், கடைசியில் கொன்று முடிப்பதும் அவள் பொறுப்பு. "நான் எங்க வேலை பாக்கிறேன்னு கேக்கிறவங்ககிட்ட, அம்மா 'மெடிக்கல் லைன்'னு சொல்லிடுவாங்க. எலின்னு சொல்லமாட்டாங்க" என்றாள்.

அங்கி, முகக்கவசம், இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். மரச்சீவலும் எலி மூத்திரமும் கலந்த வாடை. எலிக்கு மயக்கம் கொடுத்து, ஒரு பின்னங்காலின் பாதத்தைச் சூடான உலோகக் கட்டியின் மேல் வைத்து எடுத்தாள். மயக்கத்தின் ஆழத்தை நான் பார்த்தேன். குறை சொல்ல எதுவுமில்லை. என் வார்டில் அவளைப் போன்ற கை இரண்டு இருந்தால் நன்றாயிருக்கும். இருந்தாலும், காலமெல்லாம் தீக்காயத்தை ஆற்றப் பார்த்தவளுக்குத் தீக்காயம் உண்டாக்குவதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. வாசலில் வந்து நின்று கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன்.

சில நாட்களுக்கு முன்பே காயம்பட்ட எலிகள் வேறு அறையில் இருந்தன. அங்கேதான் சோதனை. உயரமான சட்டத்தின்மேல் கம்பிவலை. வலைமேல் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் எலி. சோதிப்பவர் கீழே தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து, நைலான் இழை ஒன்றை வலைக்கண் வழியாக நீட்டி எலியின் பாதத்தைத் தொட வேண்டும். எலி காலை இழுத்தால் வலி. இழுக்காவிட்டால் வலியில்லை. கேமராவும் கீழேதான், பாதத்தைப் பார்த்தபடி. திரையில் இளஞ்சிவப்புப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. தலை, உடம்பு எதுவும் இல்லை.

முதலில், மருந்து கொடுக்காத எலிகளை ஷமீமா தொட்டாள். தலைமுடி கனம்கூட இல்லாத இழை. பாதம் வெடுக்கென்று மேலே போனது. மறுபடி. மறுபடியும் போனது. எனக்கு என் காலே கூசியது. பிறகு மருந்து கொடுத்த எலிகள். அதே இழை, அதே காயம். பாதம் அசையவில்லை. தடித்த இழை. அப்போதும் அசையவில்லை.

"பாத்தீங்களா டாக்டர்? நோ ரெஸ்பான்ஸ்" என்றாள். கவசத்துக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று மதியம் தேக்காவில் வாழையிலை போட்டு மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு கேட்டேன். கருப்பசாமியிடமிருந்து குரல்செய்தி வந்திருந்தது: "எப்படி இருக்கு டாக்டரம்மா?" நம்பிக்கையாக இருக்கிறது என்று பதில் போட்டேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மாரீஸ்வரியே அழைத்துவிட்டாள். "நெசமா டாக்டரம்மா? தீபிகாகிட்ட சொல்லிட்டேன். இப்பவே மடியில ஏறணும்னு நிக்கிறா." பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை ஷமீமாவோடு இன்னோர் உதவியாளரும் கீழே உட்கார்ந்திருந்ததால் எனக்குத் திரைக்கு முன் இடமில்லை. சட்டத்தின் மறுபுறம் போய் நின்றேன். அங்கிருந்து பாதம் தெரியாது. பெட்டிக்குள் எலி மட்டும் மேலிருந்து தெரிந்தது.

கீழே இழை உயர்ந்தது. "நோ ரெஸ்பான்ஸ்" என்றாள் ஷமீமா.

எலி சட்டென்று தலையைத் திருப்பித் தன் பின்னங்காலைப் பார்த்தது.

காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன. கண்களை இடுக்கியிருந்தது. உடம்பெல்லாம் இறுகியிருக்க, அந்தக் கால் மட்டும் வலைமேல் கிடந்தது. இழை கீழே போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை இழை தொடுவதற்கு முன்பே, கீழே நாற்காலி நகரும் சத்தத்துக்கே திரும்பிவிட்டது.

இந்தப் பார்வை எனக்குத் தெரியும். பஞ்சாரக் கூடைக்கு மேலே இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"இன்னொரு தடவை தொடும்மா" என்றேன். தொட்டாள். "அடுத்த எலியை." அதுவும் திரும்பியது. அதற்கடுத்ததும்.

"ஷமீமா, கொஞ்சம் எழுந்து இந்தப் பக்கம் வா."

உதவியாளரிடம் இழையைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். பார்த்தாள்.

"ஹெட் மூவ்மென்ட் நாங்க ஸ்கோர் பண்றதில்ல டாக்டர்" என்றாள் கடைசியில். "பாவ், பாதம் மட்டும்தான். எல்லா லேப்லயும் அப்படித்தான்."

"காலில் பலம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?"

"பாத்தோம். சுத்துற உருளைமேல ஏத்தி ஓடவிட்டுப் பாத்தோம். விழவேயில்ல."

"இந்த எலிகளா?"

இல்லை என்று தலையாட்டினாள். "சுடாத எலிங்க. சுட்ட எலி ஏற்கெனவே நொண்டும்ல, அதை உருளையில ஏத்தினா ஃபேரா இருக்காதுன்னு..."

முதுகு ஊசி போட்ட நோயாளியிடம் நாங்கள் இரண்டு கேள்வி கேட்போம். குத்துவது தெரிகிறதா? காலைத் தூக்க முடிகிறதா? முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதற்கு உதவாது. எலியிடம் எதையும் கேட்க முடியாது. அது காலை இழுப்பதைத்தான் பதிலாக எடுத்துக்கொள்கிறோம். காலை இழுக்கவே முடியாமல் போனால் பதிலும் போய்விடும். ஆரோக்கியமான எலியை ஒன்றும் செய்யாத மருந்தளவு, காயத்தால் தடுமாறிப்போயிருக்கும் தண்டுவடத்தில் காலின் பலத்தைப் பிடுங்கியிருக்கலாம். எரிச்சல் மட்டும் அப்படியே மிச்சமிருக்கலாம்.

அன்று நான் எதையும் சாப்பிடவில்லை. போன் வந்தது, கருப்பசாமி. எடுக்கவில்லை.

புதன்கிழமை ஷமீமா பக்கவாட்டில் இன்னொரு கேமரா வைத்தாள். சரிவான பலகை ஒன்றில் ரப்பர் ஒட்டிக் கொண்டுவந்தாள். காயம்பட்டு, மருந்து கொடுக்காத எலியைப் பலகையில் விட்டாள். நொண்டியது, ஆனாலும் நகத்தால் பற்றிக்கொண்டு நின்றது. மருந்து கொடுத்த எலியை விட்டாள். முன்னங்கால்கள் பற்றிப் பார்த்தன. பின்னங்கால் இழுபட, மெதுவாகக் கீழே சறுக்கி வந்தது. அவள் அதைக் கையில் ஏந்தி மறுபடி விட்டாள். மறுபடியும் சறுக்கியது. எல்லா எலிகளையும் விட்டுப் பார்த்தாள். நான் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

பழைய பதிவுகளைத் திறந்தோம். இரண்டு வருட வேலை. எதிலும் ஓர் எலியின் முகம் இல்லை. பாதம், பாதம், பாதம்.

வெளியே தாழ்வாரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வேலை ஒப்பந்தம் இந்த ஆய்வை நம்பித்தான் நீட்டிக்கப்பட வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது, அக்கா. நீங்க ஊருக்குப் போயிடுவீங்க." முதல்முறையாக அக்கா என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. ஏதாவது சொன்னால் இவள் மறைக்கிற பக்கம் சாய்ந்துவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பேஷண்டுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"இருபத்தாறு."

"நடப்பாங்களா?"

"நடப்பாள். அது ஒன்றுதான் அவளிடம் மிச்சம்."

எழுந்து கையுறையைக் கழற்றினாள். "வாங்க. நீங்க பேசாதீங்க லா, நானே சொல்லிடறேன்."

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான பேராசிரியர் ஒரு சீனர், மெலிந்த மனிதர். பலகையில் எலி சறுக்கும் காட்சியை இரண்டு முறை போடச் சொன்னார். பக்கவாட்டுக் கேமராவில் தலை திரும்புவதைப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நிறுத்துங்கள். இந்த மருந்து இப்போதைக்கு எந்த மனிதருக்கும் போகக்கூடாது." ஷமீமாவின் வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

சோதனை முடிந்த எலிகளை அன்றே முடித்துவிட வேண்டும், அது விதி. நானும் இருக்கிறேன் என்றேன். வாயு நிரம்பும் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைக்கும்போது ஷமீமாவின் உதடுகள் அசைவது கவசத்துக்குள்ளேயும் தெரிந்தது.

"ஏதாவது ஓதுகிறாயா?"

"இல்லக்கா. சாரி சொல்றேன். இங்கிலீஷ்லதான். இந்த எலிங்களுக்குத் தமிழ் தெரியாது லா."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

வியாழக்கிழமை, வேலை முடிந்து லாரியிலிருந்து இறங்கிய கருப்பசாமியை, விடுதிக்கு அருகே இருந்த பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். பாதுகாப்புக் காலணியில் சிமெண்ட் அப்பியிருந்தது. மருந்து சரிவரவில்லை என்று சொன்னேன். ஏன் என்று விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "வேற ஊசி இருக்கும்ல?" என்றான். ஆராய்ச்சி நடக்கிறது என்றேன். அவனுக்கு அதன் அர்த்தம் புரிந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வருகிற பஸ்களைப் பார்த்தான்.

"போர்வையையாச்சும் கொண்டு போய்க் குடுத்துருங்க" என்றான்.

அந்தப் போர்வைதான் என் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. கோடாலித் தைலத்துக்கு மட்டும் இடம் கிடைத்தது. அண்ணியின் செண்ட்டு வாங்கவில்லை. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் மாரீஸ்வரி வீட்டுக்குப் போனேன். வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. விசிறி போடாமல் உட்கார்ந்திருந்தாள். இடது கால் பஞ்சாரக் கூடைக்குள். கருப்பசாமி போனில் பாதி சொல்லியிருந்தான். மீதியை நான் சொன்னேன்.

"கால் வெளங்காமப் போனாலும் பரவால்ல டாக்டரம்மா" என்றாள். "எரிச்சல் நின்னா போதும். போட்டு விடுங்க."

"எரிச்சல் நிக்காது மாரி. தொட்டா இழுத்துக்க முடியாது. அவ்வளவுதான்."

யோசித்தாள். "அப்ப நெருப்பு பட்ட மாதிரியே இருக்கும். காலை நகட்ட முடியாது."

"ஆமா."

"பேச முடியாத சீவன். அதுக்கு வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தொடுறதுக்கு முன்னாடியே அது திரும்பிக் காலைப் பார்த்துச்சு. நீ பார்ப்பியே, அந்த மாதிரி."

மாரீஸ்வரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அப்படிப் பாக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இங்க வர்றவங்க எல்லாரும் குனிஞ்சு காலைத்தான் பாக்காங்க. எம் மூஞ்சிய யாரு பாத்தா." பிறகு கேட்டாள். "அந்த எலி இப்ப எங்க இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல மாரி. அன்னைக்கே முடிச்சுட்டாங்க. மயக்கத்துலயே போயிருச்சு."

"குடுத்து வச்ச எலி" என்றாள்.

கிட்டப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தினமும் வார்டுக்கு வா, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, மாத்திரைகளை மாற்றிப் பார்க்கலாம், நான் விடமாட்டேன் என்றெல்லாம் சொன்னேன். மாத்திரையில் எனக்கே நம்பிக்கை இல்லை. கையை மட்டும் விடவில்லை.

வாசலில் நான் வைத்திருந்த பையைத் தீபிகா பிரித்துவிட்டாள். புலியைப் பார்த்ததும் ஒரு கூச்சல். போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு, அதன் நுனி தரையில் புரள, "அம்மா, ஊசி வந்துருச்சா?" என்று ஓடிவந்தாள்.

அவள் இன்னும் நிலைப்படியைத் தாண்டவில்லை. மாரீஸ்வரியின் தலை காலின் பக்கம் திரும்பிவிட்டது.